7,600 பவுண்டு டிரெய்லரை இழுக்க பெட்ரோல் பிக்கப்பா, டீசல் பிக்கப்பா?

கேள்வி இதுதான். அமெரிக்காவில் வசிக்கும் ஒரு குடும்பம், கணவன் மனைவி இரண்டு பிள்ளைகள். 28 அடி டிராவல் டிரெய்லர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அதன் அதிகபட்ச எடை 7,600 பவுண்டு. ஆண்டுக்கு ஐந்தாறு பயணம், அதில் ஒன்று கொலராடோ மலைப்பக்கம். மற்ற நாட்களில் அதே வண்டியில்தான் ஒன்பது மைல் தள்ளியிருக்கும் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஃபோர்டின் எஃப்-150 பிக்கப் போதுமா, அதைவிடக் கனமான எஃப்-250 வேண்டுமா? கேஸா, டீசலா? அங்கே கேஸ் என்பது பெட்ரோலைத்தான் என்பதால் பெட்ரோல் என்றே எழுதுகிறேன்.

என் பதில்: எஃப்-250 அல்லது ராம், ஜிஎம் போன்ற மற்ற நிறுவனங்களில் அதற்கு இணையான 2500 வகை வண்டி, பெட்ரோல் எஞ்சினோடு. (கீழே 2500 வகை என்று சொல்லும்போது எஃப்-250-ம் அதில் அடக்கம்.) எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதை விரிவாகச் சொல்கிறேன். டிரெய்லரோ பயணங்களோ மாறினால் முடிவும் மாறும்; அப்போது நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எஞ்சினைப் பற்றிப் பேசும் முன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சளும் வெள்ளையுமான டயர் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஓர் எண் இருக்கும். அதுதான் அந்த ஒரு வண்டியின் பேலோட். விளம்பரத்தில் வரும் "13,000 பவுண்டு இழுக்கும்" என்ற எண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது அந்த மாடலிலேயே மிகச் சாதகமான பொருத்தத்துக்குக் கிடைத்த எண். பேலோட் அப்படியல்ல, சன்ரூஃப், தோல் இருக்கை, நான்கு சக்கர இயக்கம் என்று ஒவ்வொன்று சேரும்போதும் குறைந்துகொண்டே வரும். ஒரே மாடலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு இடையே 400 பவுண்டு வித்தியாசம் இருக்கலாம்.

இனி உங்கள் கணக்கு. டிராவல் டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம், வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச்சின் உருண்டை மேல் இறங்க வேண்டும். 10-க்குக் கீழே போனால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் பாம்பு போல நெளியத் தொடங்கும். 13 சதவீதம் வைத்தால் 7,600-க்கு ஏறக்குறைய 990 பவுண்டு. அந்த எடையை முன் அச்சுக்கும் கம்பிகளால் பகிர்ந்துகொடுக்கும் ஹிட்ச் 100. நான்கு பேர் 560. பின்தொட்டியில் ஜெனரேட்டர், சைக்கிள்கள், விறகு என்று 250. மொத்தம் 1,900 பவுண்டு. ஈகோபூஸ்ட் என்னும் டர்போ பெட்ரோல் எஞ்சின் உள்ள நான்கு கதவு எஃப்-150 வண்டிகள் பெரும்பாலும் 1,400-க்கும் 1,900-க்கும் இடையில்தான் நிற்கின்றன. வசதிகள் கூடிய வண்டிகள் அந்த வரம்பின் கீழ்ப்பாதியில் இருக்கும். இழுக்கும் பலம் அதற்குத் தாராளமாக இருக்கிறது. பின் அச்சும் ஸ்பிரிங்கும் டயரும்தான் போதவில்லை. எஃப்-150 இங்கேயே கழிந்துவிடுகிறது, எஞ்சின் எதுவாக இருந்தாலும்.

டிரெய்லர் விற்பவர் சொல்லும் "வெற்று எடை"யை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். பேட்டரி, சமையல் வாயு, தண்ணீர், பாத்திரம், துணிமணி எதுவும் அதில் இல்லை. 40 கேலன் தண்ணீரே 330 பவுண்டுக்கு மேல். எப்போதும் அதிகபட்ச எடையை வைத்தே போடுங்கள்.

2500 வகைக்கு வந்தபிறகுதான் பெட்ரோலா டீசலா என்ற கேள்விக்கே அர்த்தம் வருகிறது. அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது அதே ஸ்டிக்கர்தான். இந்த வகை வண்டிகளில் பலவற்றின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டிலோ அதை ஒட்டியோ வைக்கப்படுகிறது. டீசல் எஞ்சின், அதன் டர்போ, குளிர்விப்பான்கள், புகை சுத்திகரிப்புக் கருவிகள் எல்லாம் சேர்ந்து பெட்ரோலைவிடப் பல நூறு பவுண்டு கனம். வரம்பு அதே இடத்தில் நிற்க, வண்டியின் சொந்த எடை மட்டும் கூடினால் குறைவது பேலோட்தான். நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம் உள்ள பெட்ரோல் 2500-இல் 2,700 முதல் 3,300 வரை பார்க்கலாம். அதே வண்டி டீசலில் 2,000-ஐ ஒட்டி வருவது சாதாரணம். உங்கள் 1,900-க்கு அதுவும் போதும், ஆனால் மிச்சம் எதுவும் இருக்காது. பெரிய சுமை இழுக்கவென்றே டீசல் 2500 வாங்குகிறவர்கள், இழுவைத் திறனில் பாதியைக்கூடத் தொடாமல் பேலோட் வரம்பில் முட்டிக்கொண்டு நிற்பது இப்படித்தான்.

டார்க், அதாவது எஞ்சினின் முறுக்கு விசை, அதன் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் விற்பனை மேசையில் எல்லாரையும் மயக்குவது அதுதான். 2023-க்குப் பிந்தைய எஃப்-250-இல் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 430 குதிரைத்திறன், 485 பவுண்டு-அடி டார்க். 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் 475 குதிரைத்திறன், 1,050 பவுண்டு-அடி. டார்க்கில் இரண்டு மடங்குக்கு மேல், திறனில் பத்து சதவீதம்தான் கூடுதல். மேட்டில் எவ்வளவு வேகத்தில் ஏறுவீர்கள் என்பதைக் குதிரைத்திறன் தீர்மானிக்கிறது. அதை எத்தனை ஆர்.பி.எம்.மில் செய்வீர்கள் என்பதை டார்க் தீர்மானிக்கிறது. பெட்ரோல் எஞ்சின் 4,500-இல் உறுமிக்கொண்டு செய்யும் வேலையை டீசல் 2,000-ஐத் தாண்டியதும் முனகாமல் செய்துவிடும். சக்கரத்துக்கு வந்து சேரும் விசையை கியர்கள் ஈடுகட்டிவிடும். ஆகவே பெட்ரோல் வாங்கினால் பின் அச்சு விகிதத்தில் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சின் பக்கத்துத் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண்) கஞ்சத்தனம் வேண்டாம்: 3.73-க்குக் குறையக் கூடாது. ஃபோர்டில் 4.30, ராமில் 4.10 கிடைத்தால் இன்னும் நல்லது. டீசலுக்கு 3.31, 3.55 போன்ற விகிதங்களே போதும்.

உங்கள் கொலராடோ பயணத்தை எண்ணில் பார்ப்போம். வண்டி, ஆட்கள், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து 15,400 பவுண்டு என்று வையுங்கள். 6 சதவீத ஏற்றத்தில் 60 மைல் வேகத்தைப் பிடித்துவைக்க, மேலே தூக்குவதற்கு மட்டும் சுமார் 148 குதிரைத்திறன். டயர் உருளுவதற்கு 25. எட்டடி அகலம், பத்தடி உயரத்துக்குச் சுவர் போல நிற்கும் டிரெய்லரின் முகம் காற்றைத் தள்ளுவதற்கு, 10,000 அடி உயரத்தின் மெல்லிய காற்றிலும் 60-க்கு மேல். கியரிலும் அச்சிலும் போகும் இழப்பையும் சேர்த்தால் எஞ்சினில் 270 வேண்டும்.

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதத் திறனை இழக்கும். 10,000 அடியில் 430 என்பது 300 ஆகிவிடும். தேவை 270, கையில் இருப்பது 300. ஏறிவிடும், ஆனால் எஞ்சின் 5,000-ஐ ஒட்டிச் சுழலும், உள்ளே பேசிக்கொள்ளக் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. அதை ஒட்டிய 7 சதவீத ஏற்றங்களில் வேகம் 55-க்கு இறங்கும். வலது தடத்தில் லாரிகளோடு லாரியாகப் போக வேண்டும், அவ்வளவுதான். இதனால் எஞ்சினுக்குக் கேடில்லை. வெப்பமானியில் முள் நடுவில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். டீசலின் டர்போ மெல்லிய காற்றை அழுத்திக் கொடுத்துவிடுவதால் அந்த உயரத்தில் அதன் இழப்பு மிகக் குறைவு. அதே ஏற்றத்தை அது அலட்டிக்கொள்ளாமல் ஏறும்.

டிரெய்லர் 14,000 பவுண்டாக இருந்தால்? மொத்தம் 22,000. அதே 6 சதவீத ஏற்றத்தில் 60 மைல் வேகத்துக்கு 350-க்கு மேல் வேண்டும். பெட்ரோலிடம் இருப்பது 300. ஐம்பதைச் சுற்றித்தான் ஊர முடியும். 12,000-ஐத் தாண்டும் டிரெய்லர், அடிக்கடி மேற்கு மலைகள் என்றால் டீசலை நோக்கித் தராசு சாய்வது இதனால்தான். 7,600-க்குச் சாயவில்லை.

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் டீசல் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. இதே 15,400 பவுண்டு 7 சதவீத இறக்கத்தில் 50 மைல் வேகத்தைத் தாண்டாமலிருக்க, காற்றும் டயரும் தடுத்தது போக ஏறக்குறைய 90 குதிரைத்திறன் அளவுக்கு ஏதோ ஒன்று விழுங்கியாக வேண்டும். எஞ்சின் விழுங்கவில்லை என்றால் பிரேக் விழுங்கும். பிரேக் சூடேறி வாசனை வந்தபிறகு அது பிடிக்காது. டீசலில் எக்ஸாஸ்ட் பிரேக் பொத்தானை அழுத்தினால் டர்போவின் இதழ்கள் மூடி, வெளியேறும் காற்றை அடைத்து, எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். மைல் கணக்கில் பெடலைத் தொடாமல் இறங்கலாம். பெட்ரோலில் டோ/ஹால் என்னும் இழுவை முறையைப் போட்டு, உச்சியிலேயே வேகத்தை 45-க்குக் குறைத்து, கியரை இரண்டு மூன்று படி கீழே இறக்கிவிட வேண்டும். 4,000-க்கு மேல் சுழன்று கத்தும். கத்தட்டும், அதுதான் அதன் வேலை. வேகம் ஏறினால் பெடலில் காலை லேசாக வைத்துக்கொண்டே இருக்காதீர்கள். ஐந்து வினாடி உறுதியாக மிதித்துப் பத்து மைல் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். அடுத்த மிதிப்புக்குள் பிரேக் ஆறிவிடும்.

பணக் கணக்கு. புது வண்டியில் டீசல் எஞ்சினுக்கு ஏறத்தாழ 10,000 டாலர் கூடுதல். டிரெய்லரோடு ஒரு கேலனுக்குப் பெட்ரோல் 8 மைல், டீசல் 11. டிரெய்லர் இல்லாமல் 14-க்கு 18. ஆண்டுக்கு 4,000 மைல் இழுவை, 6,000 மைல் மற்ற ஓட்டம் என்றால் பெட்ரோல் 929 கேலன், டீசல் 697 கேலன். பெட்ரோல் 3.20, டீசல் 3.80 டாலர் என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்தால் மிச்சம் 324 டாலர். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். அதிலிருந்து டீசல் புகையைச் சுத்திகரிக்கும் டி.இ.எஃப். என்னும் யூரியா திரவத்துக்கு 80 கழியும். பவர் ஸ்ட்ரோக்குக்கு ஆயில் மாற்ற 13 குவார்ட் வேண்டும், 7.3 பெட்ரோலுக்கு 8. டீசலில் எரிபொருள் வடிகட்டிகள் வேறு, 15,000 முதல் 30,000 மைலுக்குள் மாற்ற வேண்டியவை. இவற்றையும் கழித்தால் கையில் நிற்பது ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவு. மறுவிற்பனையில் டீசலுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்பது உண்மை, ஆனால் போட்ட பணம் முழுதாகத் திரும்பாது. டீசல் வாங்க நல்ல காரணங்கள் உண்டு. மிச்சம் பிடிப்பது அவற்றில் ஒன்றல்ல.

பெட்ரோலுக்கு ஒரு தொல்லை இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 34 கேலன் தொட்டி, 8 மைல்: கணக்குப்படி 270, நடைமுறையில் 220 மைலுக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டும். வண்டியும் டிரெய்லரும் சேர்த்து 50 அடி நீளம். கார்களுக்கான பம்ப்களுக்கு நடுவே அதை நுழைத்து வெளியே எடுப்பது பயணத்தின் மிக எரிச்சலான வேலை. டீசல்காரர் லாரித் தடத்தில் நேராக நுழைந்து நேராக வெளியேறுவார், அங்கேயே டி.இ.எஃப். பம்பும் இருக்கும், குடுவையில் வாங்குவதைவிட மலிவாக. பெட்ரோல் வாங்கினால், வழியில் எந்த நிலையத்தில் பம்ப் வரிசை ஓரமாக, திரும்ப இடம்விட்டு இருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தில் முதல்நாள் இரவே பார்த்து வையுங்கள்.

இனி உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிக்கும் அம்சம்: அந்த ஒன்பது மைல் அலுவலகம். 2007-க்குப் பிந்தைய டீசல் பிக்கப்களின் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கிறது. 2010-ஐ ஒட்டி டி.இ.எஃப். அமைப்பும் சேர்ந்தது. வடிகட்டியில் சேரும் கரியை வண்டியே அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குப் புகைக்குழாய் நன்றாகச் சூடாகி, இருபது முப்பது நிமிடம் நெடுஞ்சாலை ஓட்டம் தொடர்ந்து கிடைக்க வேண்டும். ஒன்பது மைலில் எஞ்சின் ஆயிலே சரியாகச் சூடாகாது. எரிப்பு தொடங்கும், நீங்கள் சாவியைத் திருப்பி அணைப்பீர்கள், அது பாதியில் நிற்கும். மறுநாளும் அதே கதை. எரிப்புக்காகக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். ஆயில் குச்சியில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் காரணம் அதுதான். அந்த ஆயில் நீர்த்துப்போனது, உடனே மாற்ற வேண்டும். டீசல்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால் வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். எரிப்பு நடக்கும்போது அணைக்காதீர்கள். நிறுத்திவைத்து எஞ்சினைச் சும்மா ஓடவிடாதீர்கள்.

டி.இ.எஃப். 32.5 சதவீத யூரியா, மிச்சம் சுத்தமான நீர். மைனஸ் 11 டிகிரி செல்சியஸில் உறையும். தொட்டிக்குள் அதை உருக்கும் ஹீட்டர் உண்டு. அந்த ஹீட்டரும் நைட்ரஜன் ஆக்சைடு சென்சாரும்தான் அடிக்கடி பழுதாகிறவை. பழுதானால் திரையில் மைல் எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் வேகத்தை மிகக் குறைத்துக் கட்டிப்போட்டுவிடும் அமைப்புகள் உண்டு. அந்த எண்ணிக்கை தீர்வதற்குள் பட்டறைக்குப் போய்விடுங்கள். வெயிலில் கிடந்த பழைய குடுவையை வாங்காதீர்கள். நீல மூடி உள்ள தொட்டியில் ஊற்ற வேண்டியதைத் தவறி டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. தொட்டியைக் கழற்றி வடிக்க வேண்டும். பெட்ரோலை ஊற்றிவிட்டாலும் இதே விதி. பம்ப் கைப்பிடியின் நிறத்தை நம்பாதீர்கள். பல இடங்களில் பச்சை டீசல், சில நிலையங்களில் பச்சைதான் பெட்ரோல். எழுத்தைப் படியுங்கள்.

டீசலின் உயர் அழுத்தப் பம்ப் தனி அத்தியாயம். டீசலே அதற்கு உயவுப் பொருள். தண்ணீரோ பெட்ரோலோ கலந்தால் உராய்ந்து உலோகத் தூளைக் கக்கும். பாஷ் சிபி4 பம்ப் இதில் பேர்போனது. 2011 முதல் ஃபோர்டு 6.7-இலும், 2011–2016 ஜிஎம் வண்டிகளின் டூராமேக்ஸ் டீசலிலும், 2019, 2020 ராம் வண்டிகளின் கம்மின்ஸ் டீசலிலும் இருந்தது. 2017-இல் ஜிஎம் வேறு பம்புக்கு மாறியது. ராம் அந்த இரண்டு ஆண்டு வண்டிகளைத் திரும்ப அழைத்தது. தூள் இன்ஜெக்டர் வரை போய்விட்டால் எரிபொருள் அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டும். 10,000 டாலரை ஒட்டிய செலவு. கையேடு சொல்லும் இடைவெளியில் நீர்பிரிப்பானை வடியுங்கள். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். உத்தரவாதச் சண்டையில் அவைதான் பேசும்.

பெட்ரோல் எஞ்சினுக்கும் நோய் உண்டு. தொடர்ந்து சுமையில் வெந்து, சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் போல்ட்கள் உடைவது பரவலான ஒன்று. குளிரில் கிளப்பும்போது டிக்டிக் என்று கேட்டு, சூடானதும் நின்றால் அதைச் சந்தேகியுங்கள். ராமின் ஹெமி பெட்ரோல் எஞ்சினில் அதே டிக்டிக் சூடானபின்னும் நிற்காவிட்டால் வால்வுகளை இயக்கும் லிஃப்டரும் கேம்ஷாஃப்டும் தேய்கின்றன என்று பொருளாகலாம், தள்ளிப்போட வேண்டாம். ஆனால் இவற்றைப் பெரும்பாலான ஊர்ப் பட்டறைகளில் பார்க்கலாம்.

பழைய டீசலை மலிவாகப் பார்த்தால் இரண்டு சோதனை. திரையில் எஞ்சின் ஓடிய மணியைப் பார்த்து, ஓடிய மைலை அதால் வகுங்கள். 25-க்குக் கீழே வந்தால் வண்டி நிறையச் சும்மா நின்று ஓடியிருக்கிறது. அடியில் குனிந்து புகைக்குழாயைப் பாருங்கள், டி.பி.எஃப். இருக்க வேண்டிய இடத்தில் நேர்க்குழாய் இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். அது மத்திய தூய காற்றுச் சட்டத்துக்கு எதிரானது, உத்தரவாதமும் கிடைக்காது.

வண்டி வந்தபிறகு முதல் பயணத்துக்கு முன் லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் (CAT) என்ற பெயருள்ள எடைமேடையில் மூன்று முறை ஏறுங்கள், முழுச் சாமானோடும் குடும்பத்தோடும். முதல் முறை டிரெய்லர் மாட்டி, எடைப்பகிர்வு கம்பிகள் இறுக்கிய நிலையில். இரண்டாவது, கம்பிகளைத் தளர்த்தி. மூன்றாவது, டிரெய்லரைக் கழற்றி வண்டி மட்டும். இரண்டாவதில் வண்டியின் இரு அச்சுகளின் கூட்டுத்தொகையிலிருந்து மூன்றாவதின் தொகையைக் கழித்தால் ஹிட்ச் மேல் இறங்கும் உண்மையான எடை. முதலாவதில் முன் அச்சு எடை, மூன்றாவதில் இருந்ததைவிட மிகக் குறைந்திருந்தால் கம்பிகளை இன்னும் ஒரு கண்ணி இறுக்க வேண்டும். முன் சக்கரம் லேசானால் ஸ்டீயரிங் பிடிக்காது.

இரண்டு மூன்று ஆண்டில் பெரிய ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு மாறும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிவு தலைகீழாகும். அவற்றில் எடையின் ஏறத்தாழ 20 சதவீதம் பிக்கப்பின் பின்தொட்டியில் பொருத்திய ஹிட்ச் மேல் இறங்கும். 12,000 பவுண்டுக்கு 2,400, ஹிட்ச் 200, ஆட்கள் 560: 3,160. டீசல் 2500 அதைத் தாங்காது. அப்போது டீசல்தான், ஆனால் அடுத்த பெரிய வகையான 3500 அல்லது எஃப்-350-இல். 2500-க்கும் அதற்கும் விலை வித்தியாசம் எஞ்சின் வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் சொற்பம்.